டெலூரியம் முன்னாலயா, அயோடின் முன்னாலயா? தண்டையார்பேட்டை மாலை வகுப்பில் தனிம அட்டவணையைக் கட்டிப் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேட்டுக்குப் போகும் வழியில் ஒரு மாலை வகுப்பு நடக்கிறது. அங்கே அறிவியல் சொல்லித் தருவது என் வேலை. ஒன்பதாம் வகுப்பு முடித்துப் பத்தாவது போகிற பிள்ளைகள். பாதி வீடுகளில் மீன் தொழில். மற்றவர்கள் வீட்டில் துறைமுகத்தில் லோடு வேலை, ஆட்டோ, மணலிப் பக்கம் ஒப்பந்த வேலை. கோடை விடுமுறையில், மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்து வந்த நாட்களில், தனிம வரிசை அட்டவணையை வேறொரு வழியில் நடத்திப் பார்த்தோம். எது பிள்ளைகளுக்குப் பிடிபட்டது, எது தடுக்கியது, ஏன் என்பதை விவரமாக எழுதி வைக்கிறேன். இதே பாடத்தை நடத்துகிற யாருக்காவது உதவும்.

பிரச்சினை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் இருபது தனிமங்களைப் பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று ஆரம்பித்தால் கால்சியத்தில்தான் மூச்சு விடுவார்கள். ஆனால் லித்தியத்துக்குக் கீழே சோடியம் ஏன் இருக்கிறது என்று கேட்டால், "புக்குல அப்படித்தான்க்கா போட்டிருக்கு" என்பதுதான் பதில். டாபர்னீரின் மும்மை விதி (குணம் ஒத்த மூன்றில் நடுவில் இருப்பதன் எடை மற்ற இரண்டின் சராசரி), நியூலாந்தின் எண்ம விதி (எடைப்படி அடுக்கினால் எட்டாவதில் குணம் திரும்பும்), மெண்டெலீவின் அட்டவணை என்று மூன்றையும் வரிசையாகப் படித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நிறை, குறை. இரண்டு மதிப்பெண் கேள்வி. இப்படிப் படித்தால் முதல் இருவரும் தோற்றவர்கள், மூன்றாமவர் ஜெயித்தவர் என்ற எண்ணம்தான் மனதில் தங்கும். உண்மையில் மூன்று பேர் கையிலும் இருந்தது ஒரே கேள்விதான்: ஒரு பொருளை அதன் எடையை வைத்து அடுக்குவதா, குணத்தை வைத்து அடுக்குவதா? இரண்டும் ஒத்துப்போகும்வரை சிக்கல் இல்லை. ஒத்துப்போகாத இடத்தில் எதை நம்புவது? அந்தச் சண்டைதான் இந்தப் பாடத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். அட்டவணையை முடிந்துபோன பொருளாகக் கையில் கொடுத்தால் அந்தச் சண்டை பிள்ளைகள் கண்ணிலேயே படாது.

சீட்டுகள் தயாரானது

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து, அச்சில்லாத பக்கத்தைச் சீட்டாக வெட்டினோம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தனிமத்தின் பெயர், 1860களில் தெரிந்திருந்த அணு எடை, பார்க்க எப்படி இருக்கும், ஆக்சிஜனோடும் குளோரினோடும் எத்தனைக்கு எத்தனை சேரும், யார் எப்போது கண்டுபிடித்தார் என்ற விவரங்கள். மெண்டெலீவ் கையில் 63 தனிமங்கள் இருந்தன. இரும்பு, தாமிரம், நிக்கல், துத்தநாகம் மாதிரியான நடு உலோகங்களைத் தனிக் கட்டாக எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் கொடுத்தோம். ஒன்பதாம் வகுப்புக்கு அது போதும். அணு எண், அதாவது அணுக்கருவின் மின்னூட்டத்தைச் சொல்லும் எண், எந்தச் சீட்டிலும் கிடையாது. மெண்டெலீவ் அட்டவணை போட்ட 1869இல் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

சீட்டு எழுதும்போதே பாதிப் பாடம் நடந்துவிட்டது. பிரான்சின் வேதியியலாளர் லவாசியே 1789இல் போட்ட பட்டியலில் 33 எளிய பொருள்கள். அவற்றில் ஒளியும் வெப்பமும் சேர்த்தி, சுண்ணாம்பும் சேர்த்தி. ஒரு பையன் உடனே, "சுண்ணாம்பு எப்படிக்கா தனிமம்?" என்றான். அன்றைய உலையின் சூட்டில் அதற்குமேல் பிரிக்க முடியவில்லை, அதனால் அது தனிமம். 1808இல் இங்கிலாந்தின் வேதியியலாளர் டேவி மின்கலத்தைக் கொண்டு அதைப் பிரித்துக் கால்சியத்தை எடுத்த பிறகுதான் பட்டியல் மாறியது. முந்தின வருடம்தான் அதே முறையில் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் எடுத்திருந்தார். எந்தக் கருவி கைக்கு வந்ததோ அதற்கேற்பத் தனிமங்கள் கொத்துக் கொத்தாக வெளிவந்தன. மின்கலம் ஒரு கொத்தைக் கொடுத்தது. எரியும் பொருளின் ஒளியை நிறக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவி இன்னொரு கொத்தை: 1860இல் சீசியம், 1861இல் ருபீடியம். சீசியத்தைப் பிடிக்க புன்சனும் கிர்ச்சாஃபும் ஏறக்குறைய 44,000 லிட்டர் ஊற்றுநீரை வற்றவைத்தார்கள். எங்கள் தெருவுக்கு வரும் தண்ணி லாரிக் கணக்கில் நான்கைந்து லாரி. அதைச் சொன்னதும் வகுப்பே கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனது.

உப்பீனிகள், அதாவது குளோரின், புரோமின், அயோடின் குடும்பம், இந்தப் பிள்ளைகளுக்கு அந்நியமே இல்லை. குளோரின் என்றால் பிளீச்சிங் பவுடர் வாசனை. அயோடின் என்றால் காயத்துக்குப் போடும் பீட்டாடினும், ரேஷன் கடை உப்புப் பாக்கெட்டில் எழுதியிருப்பதும். புரோமின்தான் யாருக்கும் தெரியவில்லை. 1826இல் பிரான்சின் மோன்பெலியே ஊரில், உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரிலிருந்து பலார் என்ற இளைஞர் அதைப் பிரித்தார். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் உப்புப் பாத்திகளைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீர் தெரியும். பலாருக்கு முன்பே அந்தச் சிவப்புத் திரவம் லீபிக் கைக்கு வந்திருந்தது. ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர். அயோடினும் குளோரினும் சேர்ந்த சேர்மம் என்று அவர் சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார். குணம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்ததுதான் காரணம்.

மும்மையும் பழைய எடையும்

நடுவில் இருப்பது என்ற அந்த எண்ணத்திலிருந்து டாபர்னீருக்குப் போவது சுலபமாக இருந்தது. குளோரின் 35.5, அயோடின் 127. கூட்டி இரண்டால் வகுத்தால் 81.25. புரோமின் சீட்டில் 80. லித்தியம் 7, பொட்டாசியம் 39, நடுவில் 23. சோடியம் சரியாக அங்கே உட்கார்ந்தது. பிள்ளைகள் போன் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு கண்ட மூன்றையும் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் சேரவில்லை. அப்போது ஒரு மாணவி, "பொட்டாசியம், ருபீடியம், சீசியமும் சேருதுக்கா. அப்போ மூணோட ஏன் நிறுத்தணும்?" என்று கேட்டாள். 39ஐயும் 133ஐயும் கூட்டி வகுத்தால் 86. ருபீடியம் 85. டாபர்னீர் தன் மும்மைகளை 1829இல் வெளியிட்டபோது ருபீடியமும் இல்லை, சீசியமும் இல்லை. மும்மை விதியின் குறை என்று புத்தகத்தில் ஒரு வரியாக வருவது இங்கே தனிமங்களின் பற்றாக்குறையாகத் தெரிந்தது. இந்த ஒரு கேள்விக்காகவே இந்த முறையை மறுபடி செய்யலாம்.

ஒரு குழுவுக்கு மட்டும் வேண்டுமென்றே வேறு சீட்டுக் கட்டைக் கொடுத்திருந்தோம். அதில் 1860க்கு முன் பலர் பயன்படுத்திய எடைகள். கார்பன் 12க்குப் பதில் 6, ஆக்சிஜன் 16க்குப் பதில் 8, கந்தகம் 16, கால்சியம் 20. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன் என்று எடுத்துக்கொண்டால் வருகிற கணக்கு அது. அந்தக் குழு சாயங்காலம் முழுக்க முட்டிமோதியது. எடை வரிசையில் கார்பன், லித்தியம், ஆக்சிஜன், மக்னீசியம், நைட்ரஜன் என்று வந்தால் எந்த ஒழுங்கும் தெரியாது. பக்கத்துக் குழுவில் பத்திகள் அழகாக வந்துகொண்டிருக்க, இவர்கள் முகம் வாடிப்போனது. "எங்களுக்கு மட்டும் வரலைக்கா" என்றார்கள். ஐரோப்பாவின் தேர்ந்த வேதியியலாளர்களும் பல வருடம் இதே கட்டைத்தான் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்கள் என்று சொல்லி, அப்புறம்தான் சரியான எடைகளைக் கொடுத்தேன்.

1860 செப்டம்பர் 3ஆம் தேதி ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் தொடங்கிய மூன்று நாள் மாநாட்டின் பெருமை இந்த இடத்தில்தான் புரிகிறது. இத்தாலியரான கன்னிசாரோ அணு எடைகளை எப்படி நிச்சயிப்பது என்று வாதாடினார். அவருடைய சிறு நூல் வந்தவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. கூட்டத்தில் இளைஞரான மெண்டெலீவும் இருந்தார், லோத்தர் மேயரும் இருந்தார். அடுத்த பத்து வருடத்துக்குள் பிரான்சில் ஷான்கூர்துவா, இங்கிலாந்தில் நியூலாந்து, ஓட்லிங், ஜெர்மனியில் மேயர், ரஷ்யாவில் மெண்டெலீவ் என்று ஆளாளுக்கு ஒரு அட்டவணை போட்டார்கள். மேதைகள் திடீரென்று கொத்தாகப் பிறந்ததால் இல்லை. சீட்டில் இருந்த எண்கள் சரியானதால்.

நியூலாந்தைப் பற்றி ஒன்று மட்டும். 1866 மார்ச் மாதம் லண்டன் வேதியியல் சங்கத்தில் அவர் தன் விதியைப் படித்தபோது, எழுத்து வரிசைப்படி அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேலி நியாயமே இல்லை. 1887இல் அவருக்கு டேவி பதக்கம் கொடுத்தார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல். ஆனால் அவர் அட்டவணையில் காலி இடமே விடவில்லை. அதனால் இரும்பு போய் ஆக்சிஜன், கந்தகத்தோடு ஒரே வரிசையில் நின்றது.

காலி இடம்

எங்கள் வகுப்பிலும் அதேதான் நடந்தது. ஏழு ஏழாக அடுக்கும்போது முதல் இரண்டு வரிசையும் சிக்கல் இல்லாமல் வந்தன. மூன்றாவது வரிசையில் பொட்டாசியம், கால்சியம். அதற்கு அடுத்த எடை ஆர்சனிக், 75. அப்படியே வைத்தால் ஆர்சனிக் அலுமினியத்துக்குக் கீழே, செலினியம் சிலிக்கனுக்குக் கீழே, புரோமின் பாஸ்பரஸுக்குக் கீழே. ஒரு குழு அப்படியே வைத்துவிட்டு நான்காவது வரிசைக்குப் போய்விட்டது.

இன்னொரு குழுவில் ஒரு பெண் ஒத்துக்கொள்ளவே இல்லை. காலையில் துறைமுகத்தில் அம்மாவுக்குக் கூடை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிற பெண். அதிகம் பேசமாட்டாள். புரோமின் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இது குளோரின் கூடத்தான் போவணும். ரெண்டும் சோடியத்தோட ஒண்ணுக்கு ஒண்ணுதான் சேருது" என்றாள். அப்படியானால் நடுவில் இரண்டு ஓட்டை விழுமே என்றான் பக்கத்தில் இருந்தவன். "விழட்டும். சீட்டு தொலைஞ்சிருக்கும். அக்காகிட்ட கேளு" என்றாள். நான் சீட்டு எதையும் தொலைக்கவில்லை என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இன்னும் கண்டுபிடிக்கலை" என்றாள்.

1869 மார்ச் 1ஆம் தேதி மெண்டெலீவ் போட்ட அட்டவணையிலும் அந்த இரண்டு இடங்களில் கேள்விக்குறிதான் இருந்தது, 68 என்றும் 70 என்றும் எடை மட்டும் ஊகித்து எழுதி. 1871இல் அவர் இன்னும் துணிந்தார். அலுமினியத்துக்குக் கீழே வரப்போவதன் எடை 68, அடர்த்தி 5.9, சிலிக்கனுக்குக் கீழே வரப்போவதன் எடை 72, அடர்த்தி 5.5 என்று எழுதினார். 1875இல் பிரான்சில் லெகோக் தெ புவாபோத்ரான் காலியத்தைக் கண்டார். அவர் அளந்த அடர்த்தி 4.7. மெண்டெலீவ் அந்தப் பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காமல், சுத்தம் செய்து மறுபடி அளக்கச் சொல்லி எழுதினார். மறுபடி அளந்தபோது 5.9 வந்தது. 1886இல் ஃப்ரைபெர்க் ஊரில் விங்க்லர் கண்ட ஜெர்மானியத்தின் எடை 72.3க்குப் பக்கத்தில் வந்தது.

இந்த இடத்தில் காலியம் சீட்டையும் ஜெர்மானியம் சீட்டையும் வெளியே எடுத்து அந்தப் பெண் கையில் கொடுத்தேன். அவளே வைத்தாள். காலியத்தின் உருகுநிலை ஏறக்குறைய 29.8 டிகிரி என்று சீட்டில் படித்ததும் ஒருவன், "அப்போ நம்மூர்ல அது தண்ணியாத்தான இருக்கும்" என்றான். மே மாதத்துத் தண்டையார்பேட்டையில் பகலில் அப்படித்தான். இந்த இரண்டு தனிமங்களும் நிலக்கரியில் துளித்துளியாக இருக்கின்றன, எரித்த சாம்பலிலும் இருக்கும். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் சாம்பல் ஏரியைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது வெறும் பெயராக இல்லாமல் போனது.

டெலூரியமும் அயோடினும்

நான் காத்திருந்தது நான்காவது வரிசைக்காக. ஆண்டிமனி 122. அடுத்து அயோடின் 127, அதற்கும் அடுத்து டெலூரியம் 128. எடைப்படி வைத்தால் அயோடின் கந்தகத்தின் பத்தியில், டெலூரியம் குளோரினின் பத்தியில் விழும்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. எடைதான் விதி, விதியை ஒரு இடத்தில் மீறினால் எல்லா இடத்திலும் மீறலாம் என்று ஒரு பக்கம். அந்த வாதத்தில் பலம் இருக்கிறது, நான் அதை லேசாக விடவில்லை. அயோடின் சூடாக்கினால் ஊதா ஆவியாகிறது, சோடியத்தோடு ஒன்றுக்கு ஒன்று சேர்கிறது, உப்பில் இருக்கிறது, அது குளோரின் வீட்டுப் பிள்ளைதான் என்று இன்னொரு பக்கம். குரல் உயர்ந்தது. கடைசியில் எடைக் கட்சியிலிருந்தே ஒருவன், "டெலூரியத்தை எடை போட்டவன் தப்பா போட்டிருப்பான்" என்றான்.

இதுவேதான் மெண்டெலீவின் பதில். 1869 அட்டவணையில் டெலூரியம் 128 என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். உண்மை எடை 123க்கும் 126க்கும் இடையில்தான் இருக்கும் என்றார். அயோடினை உப்பீனிகளோடு வைத்தார். வைத்த இடம் சரி, சொன்ன காரணம் தவறு. அவர் நண்பர், பிராகில் இருந்த பிரவுனர், டெலூரியத்தின் எடையைக் குறைத்துக் காட்ட வருடக்கணக்கில் உழைத்தார். கடைசியில் அவர் கையில் நின்றது அயோடினைவிடக் கூடிய எடைதான். இன்றும் டெலூரியம் 127.6, அயோடின் 126.9.

பாடப்புத்தக வழக்கத்தில் மெண்டெலீவின் குறைகள் என்ற தலைப்பில் இந்த ஜோடி ஒரு வரியாக முடிந்துபோகும். எனக்கு அது மனம் ஆறாது. தன் விதியைவிடப் பொருளின் நடத்தையை ஒரு மனிதர் நம்பிய இடம் அது. தவறான காரணத்தோடும் சரியான முடிவுக்கு வரலாம், அந்தக் காரணத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் பள்ளி வேதியியலில் வேறில்லை.

ஆர்கான் வந்து கலைத்தது

அட்டவணை முடிந்தது என்று எல்லோரும் நிமிர்ந்தபோது இன்னொரு சீட்டைக் கொடுத்தேன். ஆர்கான், எடை 39.9, எதோடும் சேராது. எங்கே வைப்பது? எடைப்படி பொட்டாசியத்துக்கும் கால்சியத்துக்கும் நடுவில் வரும், அங்கே இடமே இல்லை. ஒரு பையனுக்குப் பெயர் உடனே தெரிந்தது, அவன் மாமா ஆர்கான் வெல்டிங் செய்கிறவர். வெல்டிங்கில் அதை ஏன் பயன்படுத்துகிறார்கள் என்றால், எதோடும் சேராது என்பதால்தான். அதை அவனே சொன்னான்.

காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம், சேர்மங்களிலிருந்து எடுத்தது 1.251. இந்தச் சின்ன வித்தியாசத்தை இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே விட்டுவிடவில்லை. அவரும் வேதியியலாளர் ராம்சேயும் சேர்ந்து 1894இல் ஆர்கானை அறிவித்தார்கள். மெண்டெலீவுக்கு அது பிடிக்கவில்லை. மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்ததாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். அடுத்த வருடம் ராம்சே ஹீலியத்தைப் பூமியிலேயே பிடித்தார். நிறமாலையில் அதன் மஞ்சள் கோட்டுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைப் பார்க்க, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினம் போனார். பிரான்சின் ஜான்சன் குண்டூர் போனார். சூரிய ஒளியில், சோடியத்தின் கோட்டுக்கு அருகில், ஆனால் அதோடு ஒட்டாத ஒரு கோடு. லண்டனில் லாக்கியர் அதைப் புதுத் தனிமம் என்று வாதாடினார்.

சேராதவற்றுக்குத் தனிப் பத்தி வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் ஆர்கானைப் பொட்டாசியத்துக்கு முன்னால் வைத்தால் 39.9க்கு அப்புறம் 39.1. மறுபடியும் எடை தலைகீழ். "ஒரு தடவைன்னா தப்பா எடை போட்டான்னு சொல்லலாம். ரெண்டு தடவைன்னா?" என்று முதல் நாள் எடைக் கட்சியில் இருந்தவனே கேட்டான். நடு உலோகக் கட்டிலிருந்து கோபால்ட்டையும் நிக்கலையும் எடுத்து, எடை தலைகீழாகிற மூன்றாவது உதாரணமாகக் காட்டினேன்.

அதற்கு மேல் இங்கிலாந்தின் இயற்பியலாளர் மோஸ்லியின் படம்தான். 1913இல் கால்சியத்திலிருந்து பித்தளை வரை ஒவ்வொரு மாதிரியின் எக்ஸ் கதிர்க் கோடுகளையும் படம் பிடித்து ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டினார். படிக்கட்டு மாதிரி ஒரே சீராக நகர்கிறது. கால்சியத்துக்கும் டைட்டானியத்துக்கும் நடுவில் மட்டும் ஒரு படி இல்லை. அங்கே ஸ்காண்டியம் வர வேண்டும், அந்த மாதிரி படத்தில் இல்லை. கோபால்ட் முன்னால், நிக்கல் பின்னால். எடையைப் பற்றி அந்தப் படத்துக்கு அக்கறையே இல்லை. அது எண்ணுவது அணுக்கருவின் மின்னூட்டத்தை, கோபால்ட் 27, நிக்கல் 28. அதே எண்ணிக்கையில் டெலூரியம் 52, அயோடின் 53. எடை மாறுவதற்குக் காரணம் ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள். அயோடினில் நிலையானது 127 ஒன்றுதான். டெலூரியத்தில் அதிகம் இருப்பவை 128ம் 130ம். மோஸ்லி 1915 ஆகஸ்டில் கலிப்போலி போரில் இறந்தார், 27 வயது. அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் மாறிவிடும், மறைக்க முயல்வதில்லை.

தடுக்கிய இடங்கள்

ஹைட்ரஜனை எங்கே வைப்பது என்பதில் வகுப்பு ஒரு முடிவுக்கு வரவில்லை. வேதியியலாளர்களே இன்னும் விவாதிக்கிற விஷயம் அது, அதனால் அப்படியே விட்டேன். அரிய மண் உலோகங்களை (லாந்தனம், சீரியம் மாதிரியானவை) தொடவில்லை. மெண்டெலீவையே திணறடித்தவை. சிலர் முதல் நாளே போனில் அட்டவணையைப் பார்த்து அதன்படி அடுக்கினார்கள். ஆனால் அணு எண் இல்லாத சீட்டில், டெலூரியத்தை ஏன் முன்னால் வைத்தாய் என்று பக்கத்துக் குழு கேட்டபோது அவர்களிடம் காரணம் இல்லை. அடுத்த நாள் போனை வெளியே எடுக்கவில்லை.

ஒரு அம்மா, "இதுல மார்க்கு வருமா மிஸ்?" என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் கடைசியில் பழைய வினாத்தாள்களை வைத்து எழுதிப் பார்த்தோம். மும்மை விதியின் குறை, எண்ம விதியின் குறை என்ற கேள்விகளுக்குப் பிள்ளைகள் மனப்பாட வரியை எழுதவில்லை, தங்கள் சீட்டில் நடந்ததை எழுதினார்கள். நீளம் கூடிவிட்டது. அதைச் சுருக்கி எழுதக் கற்றுக்கொடுக்கத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. இந்த முறைக்கு அந்தச் செலவு உண்டு என்பதை முன்பே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். சீட்டில் இன்றைய எடைகளைத் தசமத்தோடு போடாதீர்கள், 1869இல் இருந்ததையே போடுங்கள்; இண்டியத்துக்கு மட்டும் மெண்டெலீவ் திருத்திய 113ஐப் போடுங்கள், பழைய 75.6 போட்டால் அது ஆர்சனிக்கோடு முட்டும். அப்புறம், டெலூரியம் சீட்டில் மெண்டெலீவ் போட்ட கேள்விக்குறியைப் போடாதீர்கள். அந்தச் சந்தேகம் பிள்ளைகளுக்கே வர வேண்டும்.